டிக்கி ஷாக் போன பழைய கார்: கேஸ் ஏற்றுவதா, மாற்றுவதா?

கோபியிலிருந்து ஒரு வாசகரின் கேள்வி, 9 ஜூன் 2024

2007 மாடல் கார். டிக்கிக் கதவைத் தாங்கிப் பிடிக்கும் கேஸ் ஷாக் இரண்டும் போய்விட்டன, தூக்கினால் நிற்பதில்லை. போன வாரம் மாமனார் வாழைத்தார் எடுக்கக் குனிந்தார், கதவு பிடரியில் இறங்கிவிட்டது. அடி பலமில்லை. ஆனால் "மாப்பிள்ளை காரு மண்டைய ஒடைக்குது" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். மெக்கானிக் பழைய ஷாக்கிலேயே கேஸ் ஏற்றித் தருவதாகச் சொல்கிறார், 400 ரூபாய். புது ஜோடிக்குக் கடையில் 1,500 கேட்கிறார்கள். பங்காளி ஒருவர், பெரிய வண்டியின் ஷாக்கை வாங்கி மாட்டு, ஜென்மத்துக்கும் விழாது என்கிறார். எது சரிங்க?

9 ஜூன், இரவு

கேஸ் ஏற்றாதீர்கள். பங்காளி பேச்சையும் கேட்காதீர்கள். அந்த இரண்டாவது தப்பை நானே செய்து கையைச் சுட்டுக்கொண்டவன், அதைப் பிறகு எழுதுகிறேன்.

உள்ளே இருப்பது நைட்ரஜன், கூடவே கொஞ்சம் எண்ணெய். கேஸ் தானாகத் தீர்ந்து போவதில்லை. ராடு வெளியே வரும் வாயில் ஒரு ரப்பர் சீல் இருக்கிறது, அது தேய்ந்து கசிகிறது. நான் கோவை கணபதியில் பம்ப் பட்டறையில் 20 வருடமாக இருக்கிறேன். சீல் போன பம்ப்பை அப்படியே வைத்துக்கொண்டு தண்ணீர் ஊற்றி ஊற்றி ஓட்டுவதும் இதுவும் ஒன்றுதான். ஓட்டை போட்டு, வால்வு வைத்து, கேஸ் அடைத்துத் தருவார்கள். போன வழியிலேயே அதுவும் போகும்.

அழுத்தம் எவ்வளவு என்று கேட்டால்: என் காரில் இருந்ததில் 350N என்று எழுதியிருந்தது. நியூட்டனை 10ஆல் வகுத்தால் ஏறக்குறைய கிலோ, அதாவது 35 கிலோ விசை. குழாயின் உள்விட்டம் 15 மில்லிமீட்டர் என்று வைத்தால் சுமார் 20 பார் வருகிறது. கார் டயரைப் போலப் பத்து மடங்கு.

10 ஜூன், வெள்ளென

நேற்று எழுதிய 20 பார் தப்பு. படுத்த பிறகுதான் உறைத்தது.

உள்ளே இருக்கும் பிஸ்டன் அடைப்பு இல்லை, அதில் சின்னத் துளை உண்டு. அதனால் பிஸ்டனுக்கு மேலும் கீழும் ஒரே அழுத்தம். குழாயின் அகலம் கணக்கிலேயே வராது. ஒரு பக்கம் ராடு அடைத்துக்கொண்டிருக்கும் இடம் மட்டும்தான் வித்தியாசம், அந்த வித்தியாசம்தான் ராடை வெளியே தள்ளுகிறது. 8 மில்லிமீட்டர் ராடின் வெட்டுப் பரப்பு 50 சதுர மில்லிமீட்டர். 350ஐ 50ஆல் வகுத்தால் சதுர மில்லிமீட்டருக்கு 7 நியூட்டன், அதாவது 70 பார். நம் ஊர்க் கணக்கில் 1,000 பிஎஸ்ஐக்குக் கொஞ்சம் மேல். டயரைப் போலப் பத்து மடங்கு இல்லை, முப்பதுக்கு மேல்.

பம்ப் பட்டறைக்காரன் இந்தக் கணக்கில் சறுக்கியது வெளியே தெரியக்கூடாது என்று அழிக்கப் பார்த்தேன். இருக்கட்டும். இத்தனை அழுத்தத்தை 400 ரூபாய்க்கு ஓட்டை போட்டு அடைப்பவர் எந்த மீட்டரைப் பார்த்து அடைக்கிறார் என்று கேட்டுப் பாருங்கள்.

10 ஜூன், மதியம்

ஈரோட்டிலிருந்து ஒருவர்: டயர் கடையில் நைட்ரஜன் அடிக்கிறார்களே, அங்கே ஏற்றலாமா?

அது 30, 35 பிஎஸ்ஐ. மேலே படியுங்கள்.

12 ஜூன்

எந்தக் கார் என்று மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். 2006 மாடல் சின்ன ஹாட்ச்பேக், அவ்வளவுதான் சொல்வேன். பெயரைச் சொன்னால் கடையில் போய் 350 கேட்டு வாங்கிவிடுவீர்கள், உங்கள் வண்டிக்கு அது பொருந்தாமல் போகலாம்.

கடைக்காரர் "எந்த வண்டிங்க?" என்று கேட்டு ஒரு ஜோடியை எடுத்துப் போடுவார். அந்தப் பேச்சை நம்பி வாங்காதீர்கள், பழைய ஷாக்கைக் கழற்றிக் கையில் கொண்டுபோங்கள். குழாயின் மேல் எழுத்து இருக்கும், மண்ணெண்ணெய் தொட்ட துணியால் மெல்லத் துடைத்தால் தெரியும். N போட்ட எண் விசை. அதோடு, முழுக்க விரிந்த நிலையில் ஒரு குண்டின் (ஷாக் நுனி மாட்டும் உருண்டைத் தலை ஆணி) நடுவிலிருந்து மறு குண்டின் நடுவரை எத்தனை மில்லிமீட்டர், ராடு உள்ளே போய்வரும் தூரம் எத்தனை, இந்த இரண்டும் வேண்டும். நீளம் 15 மில்லிமீட்டர் கூடினால் கதவு மூடும்போது ராடு அடியில் இடித்து நிற்கும். அதற்கும் மேல் அமுக்கினால் குண்டு பிய்ந்து வரும், இல்லாவிட்டால் தகடு வளையும். குறைந்தால் டிக்கி பாதிதான் திறக்கும், உயரமானவர்கள் தினமும் நெற்றியில் வாங்கிக்கொள்வார்கள்.

நுனியையும் பாருங்கள். இரண்டு பக்கமும் குண்டும் கிண்ணமுமாக இருக்கலாம், ஒரு பக்கம் போல்ட் போட்ட தகடாக இருக்கலாம். குண்டு பெரும்பாலும் 10 மில்லிமீட்டர், ஆனால் "பெரும்பாலும்" என்பதை நம்பி டவுனுக்கும் வீட்டுக்கும் இரண்டு நடை நடந்தவன் நான்.

16 ஜூன்

நான் பட்ட பாடு.

வாங்கியபோது இருந்த ஜோடி 12 வருடம் உழைத்தது, குறை சொல்ல வழியில்லை. 2018இல் ஒரு பக்கம் கசிந்தது. ராடில் எண்ணெய்ப் பிசுக்கு, அதன்மேல் தூசி. அப்போது நார் மில் வேலையாக வாரம் இரண்டு முறை பொள்ளாச்சி போய்க்கொண்டிருந்தேன். தென்னை நார்க் கழிவுத் தூள் மாவைப் போல எங்கும் படியும். நான் செய்த முதல் புத்திசாலித்தனம், ராடு வறண்டு கிடக்கிறதே என்று ஆயில் ஸ்பிரே அடித்தது. ஈர ராடில் தூள் ஒட்டியது, திறந்து மூடும்போதெல்லாம் அது சீலுக்குள் போனது. உப்புத் தாளைப் போட்டுத் தேய்த்த மாதிரி. கசியாத பக்கமும் இரண்டு மாதத்தில் கசிந்தது. அந்த ராடுக்கு வெளியிலிருந்து எண்ணெய் தேவையே இல்லை. உள்ளே இருக்கும் எண்ணெயே சீலை நனைத்துக்கொள்ளும்.

அதன் பிறகு ஒரு வருடம் கட்டையில் ஓடியது. சாளையில், அதாவது தோட்டத்து வீட்டில், கிடந்த கருவேலங்கட்டை, மூன்றடி நீளம். டிக்கியைத் தூக்கி முட்டுக் கொடுத்துவிட்டுத்தான் சாமான் எடுப்போம். "நம்ம வண்டியில முட்டுக்கட்டைய வச்சுக்கிட்டே முன்னேறுறம்" என்று மச்சான் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். ஒருநாள் அவனே கட்டையைத் தட்டிவிட்டான், கதவு தோளில் இறங்கியது. அன்று யாரும் சிரிக்கவில்லை.

சரி, மாற்றிவிடலாம் என்று போனால் கடையில் என் அளவு இல்லை. அதே நீளத்தில் 500N இருந்தது. "பவர் ஜாஸ்திங்க, நல்லா நிக்கும்" என்றார். எனக்கும் அப்படித்தான் பட்டது. மாட்டினேன். பிடியைத் தொட்டதும் டிக்கி தானாகப் படாரென்று மேலே போய் நின்றது. தெருவில் இருந்த பிள்ளைகளெல்லாம் வேடிக்கை பார்க்க வந்தார்கள். இரண்டு நாள் பெருமை.

மூன்றாம் நாள் அம்மாவால் மூட முடியவில்லை. நாலே முக்கால் அடி உயரம், நுனிக்காலில் எட்டிப் பிடித்து இழுத்தாலும் வரவில்லை. ஆறு மாதத்தில் கீல் பக்கம் கூரைத் தகட்டில் லேசான புடைப்பு. மூடியிருக்கும்போதும் ஷாக் தள்ளிக்கொண்டே இருக்கிறதல்லவா, லாக் கடகடத்தது, கதவைச் சுற்றியிருக்கும் ரப்பர் பீடிங் ஒரு மூலையில் நசுங்கி மழையில் தண்ணீர் இறங்கியது. கடைசியில் 350N ஜோடிக்கே திரும்பினேன். டிங்கரிங் செலவோடு சேர்த்துப் பார்த்தால் சரியான ஜோடி மூன்று வாங்கியிருக்கலாம்.

கோபிக்காரரே, பங்காளிக்கு இதைப் படித்துக் காட்டுங்கள்.

18 ஜூன்

ஏன் அப்படி ஆனது என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். இந்தத் தடவை இரண்டு முறை சரிபார்த்தேன்.

வீட்டு கேட்டைக் கீல் ஓரமாகத் தள்ளிப் பார்த்திருப்பீர்கள், முக்கித் தள்ள வேண்டும். ஷாக் தள்ளுவதும் கீலுக்குப் பக்கத்தில்தான். என் காரில் கதவு தூக்கிய நிலையில் கீலிலிருந்து ஷாக்கின் கோடு சுமார் 10 செ.மீ. தள்ளி இருக்கிறது. கதவு 14 கிலோ, அதன் பாரம் நிற்கும் இடம் 45 செ.மீ. தள்ளி. கதவு கீழே இழுப்பது ஏறக்குறைய 62 நியூட்டன் மீட்டர். 350N ஜோடி மேலே தள்ளுவது 70. மிச்சம் 8. பிடி 75 செ.மீ. தூரத்தில் இருப்பதால் மூட ஒரு கிலோ அளவுக்கு இழுத்தால் போதும். 500N ஜோடி தள்ளுவது 100, மிச்சம் 38, மூட ஐந்து கிலோ. அம்மா தோற்றதில் ஆச்சரியம் இல்லை.

இதே கணக்கைத் திருப்பிப் பார்த்தால், ஒவ்வொரு ஷாக்கும் 310க்குக் கீழே போனதும் கதவு இறங்க ஆரம்பிக்கும். 350க்கும் 310க்கும் நடுவில் இருப்பது ரொம்பக் கொஞ்சம். "நேற்றுவரை நல்லா நின்னுச்சுங்க, திடீர்னு விழுது" என்று எல்லோரும் சொல்வது இதனால்தான். கேஸ் வருடக்கணக்காகப் போய்க்கொண்டிருந்திருக்கும், கண்ணுக்குத் தெரிவது கடைசி நாள்தான்.

23 ஜூன்

கழற்றும் விதம். கோபிக்காரர் ஞாயிற்றுக்கிழமை தானே செய்யப் போகிறாராம்.

முதலில் முட்டு. கட்டை போதாது, தோளால் தாங்க ஓர் ஆளும் வேண்டும். இரண்டு ஷாக்கையும் ஒரே நேரத்தில் கழற்றாதீர்கள். ஒரு பக்கம் கழற்றி, புதியதை மாட்டி, பிறகு மறுபக்கம். மாற்றுவது ஜோடியாகத்தான். ஒன்று புதிது ஒன்று பழசு என்றால் கதவு ஒரு பக்கமாக முறுக்கும்.

கிண்ணத்தின் மேல் வில் மாதிரி ஒரு கிளிப் இருக்கும். சின்ன ஸ்க்ரூடிரைவரை அதன் அடியில் விட்டு நாலு மில்லிமீட்டர் தூக்கினால் போதும், கிண்ணத்தை இழுத்தால் குண்டிலிருந்து கழன்று வரும். முழுதாக நெம்பினால் பறந்துவிடும். என்னுடையது பறந்து சாக்கடைப் பக்கம் போனது. மகன் செல்போன் வெளிச்சத்தில் முக்கால் மணி நேரம் தேடினான், கிடைத்தது வேறு யாருடைய கிளிப்போ. தெருவில் எனக்கு முன்னால் ஒருவர் இதே பாடு பட்டிருக்கிறார்.

மூடியிருக்கும்போது ராடு கீழே பார்த்தபடி இருக்க வேண்டும். அப்போதுதான் உள்ளே இருக்கும் எண்ணெய் வழிந்து சீலின் மேல் நிற்கும். தலைகீழாக மாட்டினாலும் கதவு நிற்கும், அதனால் பலருக்குத் தெரிவதில்லை. ஆனால் சீல் காய்ந்து சீக்கிரம் போகும். தவிர, திறந்து முடியும் இடத்தில் எண்ணெய்தான் வேகத்தைக் குறைக்கிறது. தலைகீழ் என்றால் கடைசியில் டக்கென்று அடிக்கும்.

ராடைக் கொறடு போட்டுப் பிடிக்காதீர்கள். பெயின்ட் படவும் விடாதீர்கள். முடி அளவு கீறல் போதும்.

30 ஜூன், கோபி வாசகர்

மாற்றிவிட்டேங்க. பழசில் 380N என்று இருந்தது, அதையே வாங்கினேன். ஒன்றைத் தலைகீழாக மாட்டிவிட்டு, உங்கள் குறிப்பை மறுபடி படித்துக் கழற்றித் திருப்பினேன். மாமனார் நாலு முறை திறந்து மூடிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. அவர் ஒன்றும் சொல்லவில்லை என்றால் பாராட்டுகிறார் என்று அர்த்தம்.

7 ஜூலை

குளியலறை எடை மெஷினில் ஒரு சோதனை. கழற்றிய ஷாக்கை ராடு கீழே இருக்கும்படி மெஷின் மேல் செங்குத்தாக நிறுத்தி, அடியில் ஒரு மரத்துண்டு வைத்து, மேலிருந்து நேராக அழுத்துங்கள். ராடு உள்ளே நகர ஆரம்பிக்கும்போது முள் எங்கே நிற்கிறது என்று பார்க்க வேண்டும். என் பழைய ஜோடியில் ஒன்று 15 கிலோ, இன்னொன்று 22. புதியது 39. சாய்த்து அழுத்தாதீர்கள், நழுவினால் தாடைக்கு வரும்.

350 என்று எழுதிய ஷாக் 39 காட்டுகிறதே, கடைக்காரர் தாராளமாகக் கொடுத்திருக்கிறாரே என்று நினைத்துக்கொண்டேன்.

8 ஜூலை

தாராளம் எதுவும் இல்லை. திருப்பூரிலிருந்து ஒருவர் சுட்டிக் காட்டினார்: அழுத்தும்போது சீலின் உரசலும் சேர்ந்து வரும், குழாயில் எழுதுவது ராடு விரிந்து வரும்போது அளந்த விசை. மறுபடி வைத்து, அழுத்திவிட்டு மெல்ல மெல்லக் கையைத் தளர்த்திப் பார்த்தேன். ராடு வெளியே வரும்போது 35. அவர் சொன்னதே சரி. பனியன் கம்பெனிக்காரருக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று கேட்டேன். சாம்பிள் மூட்டை ஏற்றி இறக்க ஒரு நாளைக்கு முப்பது முறை டிக்கி திறக்கிறவராம், இது அவருக்கு ஐந்தாவது ஜோடி.

இன்னொன்றும் கவனித்தேன். முழுக்க உள்ளே அழுத்தினால் விசை இன்னும் ஏறுகிறது. ராடு உள்ளே போகப் போக கேஸுக்கு இடம் குறைகிறது, அழுத்தம் கூடுகிறது. அதனால் இரண்டு ஷாக்கை ஒப்பிடும்போது இரண்டையும் ஒரே இடத்தில் வைத்துப் படியுங்கள்.

28 ஜூலை

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பதெல்லாம் உடுமலைப் பக்கம் பழமொழி இல்லை, வானிலை அறிக்கை. பாலக்காட்டுக் கணவாயிலிருந்து வரும் காற்று அங்கே காற்றாலைகளைச் சும்மாவா சுற்றவிடுகிறது. நேற்று ரோட்டோரம் நிறுத்தி டிக்கி திறந்தேன். காற்று முதுகில் வந்து கதவைப் பிடித்து அமுக்கியது. புது ஷாக், சரியான விசை, இருந்தும் இறங்கியது. மேலே போட்ட கணக்கில் மிச்சம் வெறும் 8 என்பதை மறந்துவிட்டு, சரக்கு மட்டமோ என்று கடைக்காரரைப் போனில் பிடித்துக் கத்திவிட்டேன். பொழுதோடு வீட்டில் திறந்தால் கல்லு மாதிரி நிற்கிறது. காலையில் திரும்பக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டேன்.

காற்று மறைவில் வண்டியை நிறுத்திவிட்டுத் திறந்தால் இந்தத் தொல்லை குறைவு.

29 டிசம்பர்

ஐந்து மாதம் கழித்து இந்தக் கேள்வி பதில் இழையைத் தூசி தட்டுகிறேன். வால்பாறை போயிருந்தோம், மச்சான் வண்டியில். நாற்பது கொண்டை ஊசி வளைவும் ஏறி, இரவு தங்கி, விடியற்காலை பெட்டியை எடுக்க டிக்கி திறந்தால் பாதியில் தொங்குகிறது. முதல் நாள் மதியம் பொள்ளாச்சியில் நன்றாக நின்ற கதவு.

அடைத்த கேஸ், குளிர்ந்தால் அழுத்தம் இறங்கும். 10 டிகிரிக்கு 3.4 சதவீதம் என்பது கணக்கு. குழாயில் எழுதியிருப்பது 20 டிகிரியில் உள்ள விசை. தேய்ந்து 305க்கு வந்துவிட்ட ஷாக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 32 டிகிரி மதியத்தில் அது 317, என் காரின் 310ஐத் தாண்டிவிடும், கதவு நிற்கும். 12 டிகிரி விடியலில் 297, விழும். மச்சான் வண்டிக்கு எண் வேறு, கதை இதேதான்.

ஜூனிலேயே இதைச் சொல்லியிருக்க வேண்டும். பழைய கார் வாங்கப் போகிறவர்கள் பெருந்துறை வெயிலில் நிற்கும் வண்டியின் டிக்கியைத் திறந்து பார்த்து "ஷாக் நல்லா இருக்குங்க" என்று தலையாட்டிவிடாதீர்கள். மார்கழியில் வெள்ளென போய்த் திறந்து பாருங்கள்.

மச்சான் தோளைத் தடவிக்கொண்டே "கட்டைய எங்கடா வச்ச?" என்றான்.

12 ஜனவரி 2025

நாளை போகி, அதனால் அவசரமாக. பழைய ஷாக்கைத் தீயில் போடாதீர்கள். நம் பக்கம் காப்புக் கட்டுதான் பெரிது, வேப்பிலையும் ஆவாரம்பூவும் பூளைப்பூவும் செருகுவதோடு பல வீடுகளில் முடிந்துவிடும். ஆனால் டவுனில் பழசையெல்லாம் குவித்துக் கொளுத்துகிறார்கள். செத்த ஷாக் என்று நீங்கள் நினைப்பதில் என் 15 கிலோ ஷாக்கைப் போல 30 பார் மிச்சம் இருக்கலாம். சூடேறினால் வெடிக்கும், ராடு அம்பு மாதிரி வரும்.

எங்கள் பட்டறையில் ஒரு பையன் நல்ல ராடாக இருக்கிறதே என்று குழாயை லேத்தில் மாட்டிவிட்டான். சுவிட்ச் போடுவதற்குள் பார்த்தேன். அறுப்பது, துளைப்பது, வெல்டிங் எதுவும் வேண்டாம். பழைய இரும்புக் கடையில் கொடுக்கும்போது உள்ளே கேஸ் இருக்கிறது என்று வாயைத் திறந்து சொல்லிக் கொடுங்கள்.

19 ஜனவரி

கோபிக்காரர் கட்டை என்ன ஆனது என்று கேட்டிருக்கிறார். மச்சானுக்குக் கொடுக்கலாம் என்று சாளையில் போய்த் தேடினேன். ஆடிக் காற்றில் சாய்ந்த செவ்வாழைக்கு அம்மா முட்டுக் கொடுத்து வைத்திருக்கிறார். தார் தள்ளியிருக்கிறது. வெட்டும்வரை கிடைக்காது என்று சொல்லிவிட்டார்.